ஈரலின் தழும்பும் ஒளியின் சாட்சியும்

‘உடலும் நலமும்’ பகுதி

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நமது சங்கத்தின் நூல்நிலையத்திலே அன்பர் ஒருவரையும் அவருடைய துணைவியாரையும் சந்தித்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்கு அருகே குடியிருப்பவர்கள். அவர்கள் வீட்டு நவராத்திரிச் சுண்டலைச் சுவைத்தவர்கள் நம்முள் பலர் உண்டு. பெயர் வேண்டுவதில்லை, அவர்களுடைய இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.

அம்மையாரின் கையில் ஒரு பழுப்பு நிற உறை இருந்தது. “மாதாமாதம் என்னென்னவோ எழுதுகிறீர்களே, அண்ணா! இதையும் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்” என்று அதை என்னிடம் நீட்டினார். உள்ளே இரண்டு அறிக்கைகள் இருந்தன. ஈரலிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்க்கும் பயாப்ஸி அறிக்கைகள் அவை. இரண்டிற்கும் இடையே ஐந்து ஆண்டுகள் சென்றிருந்தன. முதல் அறிக்கையின் அடியில் ‘நான்காம் படி’ என்று எழுதியிருந்தது. இரண்டாவதன் அடியிலும் ‘நான்காம் படி’ என்றே இருந்தது.

“ஐந்து வருஷமாக ஒரு நாள் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நாலு இன்னும் நாலாகத்தானே இருக்கிறது?” என்றார் அம்மையார். அன்பர் புன்னகை செய்தார். ஆயினும் அப்புன்னகையில் களிப்பு இல்லை. “மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நான் சொல்கிறேன். இவள் கேட்கமாட்டேன் என்கிறாள்” என்றார்.

நான் வைத்தியன் அல்லேன். மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்னும் வினாவை அவர்களுடைய டாக்டரிடமே கொண்டுசெல்லுமாறு கூறினேன். ஆனால் ‘நாலு’ என்ற அந்த ஓர் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பது விஞ்ஞானத்தைச் சார்ந்த வினா. அன்று அவர்களுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

அன்பருக்கு வந்திருப்பது ஹெபடைடிஸ் பி என்னும் வைரஸ். இரத்ததான முகாமில் அவர் கொடுத்த இரத்தத்தைப் பரிசோதித்தபோதுதான் அது வெளிப்பட்டது. அதற்கு முன்பு காய்ச்சலும் இல்லை, காமாலையும் இல்லை. அவர் மதுவைத் தொடாதவர். ஈரல் நோய் என்று கேட்டதும் அக்கம்பக்கத்தார் பார்த்த பார்வைதான் நோயைக் காட்டிலும் தம்மை அதிகம் வருத்தியது என்று அம்மையார் சொன்னார். மதுவும் வைரஸும் இல்லாமலே, உடற்பருமனாலும் நீரிழிவாலும் ஈரலில் கொழுப்பு மிகுந்து, அதனால் தழும்பு விழுகிறவர்கள் இன்று நகரங்களில் பலர் உண்டு என்பதை அந்த அக்கம்பக்கத்தார் அறிந்தால் நல்லது.

தழும்பு என்று ஏன் சொல்கிறோம்? கையிலே கத்தி பட்டால், காயம் ஆறிய இடத்தில் ஒரு கோடு நிற்கிறது. அந்தக் கோடு கொல்லாஜன் என்னும் நார்ப்பொருளால் ஆனது. தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் உறுதியளிப்பது இந்தப் பொருளே. ஈரலிலே விண்மீன் வடிவான சில உயிரணுக்கள் இருக்கின்றன. சாதாரணக் காலத்தில் அவை வைட்டமின் ஏ சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு தம்பாட்டில் இருக்கும். ஈரலுக்கு ஓயாமல் ஊறு நேர்ந்தால் அவை குணம் மாறிக் கொல்லாஜனை நூற்கத் தொடங்குகின்றன. கையில் விழுந்த கோடு ஒரு நாளையக் காயத்தின் அடையாளம். ஈரலில் விழும் கோடோ ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பட்ட காயங்களின் அடையாளம்.

இந்தத் தழும்பின் கடுமையைச் சொல்ல டாக்டர்கள் படிகள் வகுத்திருக்கிறார்கள். வகுப்பு முறைகள் பல உண்டு. அன்பரின் அறிக்கையில் இருந்தது பூஜ்யத்திலிருந்து நான்கு வரை செல்லும் முறை. ஈரலுக்குள் இரத்தம் நுழையும் வாயில்களைச் சுற்றி மட்டும் நார் படிந்திருந்தால் முதற்படி. அங்கிருந்து சில நார்ப்பட்டைகள் வெளியே நீண்டால் இரண்டாம் படி. பல பட்டைகள் நீண்டு ஒன்றோடொன்று கூடத் தொடங்கினால் மூன்றாம் படி. வயல்களை வரப்புகள் சூழ்ந்தாற்போல நார்ப்பட்டைகள் ஈரலைச் சிறு சிறு முடிச்சுகளாகச் சூழ்ந்துகொண்டால் நான்காம் படி. இதையே சிர்ரோசிஸ் என்பார்கள். வயலுக்கு வரப்பு வேண்டும். ஈரலுக்கு வரப்பு ஆகாது. இரத்தம் ஓடும் வழி அடைபடுகிறது. அடைபட்ட இரத்தம் வேறு வழி தேடி உணவுக்குழாயின் இரத்தநாளங்களைப் புடைக்கச் செய்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் படிகள் ஒரே உயரமுடைய படிகள் அல்ல. முதலிலிருந்து இரண்டுக்கு ஏறும் தூரமும் மூன்றிலிருந்து நான்குக்கு ஏறும் தூரமும் சமமல்ல. மேலும், நான்காவது ஒரு படி என்பதைவிட ஒரு மாடி என்பதே பொருந்தும். மாடியில் ஏறி நெடுந்தூரம் உள்ளே சென்றவனும் மாடியில்தான் இருக்கிறான். திரும்பி நடந்து, இறங்குவதற்காகப் படிக்கட்டின் அருகே வந்து நிற்கிறவனும் அதே மாடியில்தான் இருக்கிறான். இருவருக்கும் எண் ஒன்றே. முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதை எண் சொல்வதில்லை.

இரண்டாவது இடையூறு கண்ணைப் பற்றியது. அன்பரின் முதல் துணுக்கை ஐந்தாண்டுகளுக்கு முன் இரண்டு இடங்களில் காட்டினார்களாம். ஓரிடத்தில் மூன்றாம் படி என்றார்கள்; மற்றோரிடத்தில் நான்காம் படி என்றார்கள். அம்மையார் இதை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் இருவரில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. சதைத் துணுக்கை மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு கனமாகச் சீவி, கண்ணாடிமேல் ஒட்டிச் சாயம் ஏற்றுகிறார்கள். கொல்லாஜனை ஒருவகைச் சாயம் நீலமாகக் காட்டும். ஸிரியஸ் ரெட் என்னும் மற்றொன்று சிவப்பாகக் காட்டும். சாயம் ஊறிய நேரத்துக்கும் சீவலின் கனத்துக்கும் தக்கபடி நிறம் அடர்ந்தோ வெளிறியோ வரும். கோலத்துக்குக் காவி கரைக்கிறவர் ஆகையால் அம்மையார் இதை உடனே புரிந்துகொண்டார். அப்படி வந்த நிறத்தைப் பார்த்து, இந்தப் பட்டை அந்தப் பட்டையோடு சேர்ந்துவிட்டதா இல்லையா என்று ஒரு மனிதர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் துணுக்குக்கு இரண்டு நேர்மையான கண்கள் இரண்டு தீர்ப்புச் சொல்லக்கூடும். தீர்ப்பின் விளைவோ சிறிதன்று. நான்கு என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரலில் புற்றுநோய் தோன்றுகிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். உணவுக்குழாயின் நாளங்கள் புடைத்துள்ளனவா என்றும் சோதிக்க வேண்டும்.

சாயமும் வேண்டாம், கண்ணின் தீர்ப்பையும் மட்டும் நம்ப வேண்டாம், நாரே தன்னைக் காட்டிக்கொள்ளட்டும் என்பதுதான் ஒளியைக்கொண்டு தழும்பை அளக்கும் முறை. அதன் கதை ஈரலுக்கு வெகு தொலைவில் தொடங்குகிறது.

1960ஆம் ஆண்டில் லேஸர் ஒளி பிறந்தது. மறு ஆண்டே, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கன் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு சோதனை செய்தார்கள். ரூபி லேஸரின் சிவப்பொளியைக் குவார்ட்ஸ் என்னும் படிகத்தின் ஊடே செலுத்தினார்கள். உள்ளே சென்ற ஒளியின் அலைநீளம் 694 நானோமீட்டர். வெளியே வந்ததில் மிக மிக அற்பமான ஒரு பகுதியின் அலைநீளம் 347 நானோமீட்டர், அஃதாவது சரிபாதி. ஒளித்துகள்கள் இரண்டு கூடி, இரட்டிப்பு ஆற்றலுள்ள ஒரே துகளாக மாறியிருந்தன. புகைப்படத் தகட்டில் அது ஒரு சிறு புள்ளியாகப் பதிந்தது. கட்டுரையை அச்சிட்ட விஞ்ஞான இதழில் அந்தப் புள்ளியைத் தூசியென்று எண்ணி அழித்துவிட்டார்கள்! இன்றும் அந்தப் பக்கத்தைப் பார்த்தால் ஓர் அம்புக்குறி வெறும் வெளியைச் சுட்டிக்கொண்டு நிற்கும். நமது இதழில் அச்சுப்பிழை நேரும்போது நம் ஆசிரியருக்கு ஆறுதலாகச் சொல்லத்தக்க கதை இது.

எல்லாப் பொருள்களும் ஒளியை இவ்வாறு இரட்டிப்பதில்லை. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இராமல், ஒரு திசையை நோக்கிய ஒழுங்குடன் அமைந்த பொருள்களே செய்யும். நம் உடலில் அத்தகைய பொருள்கள் சில. அவற்றுள் தலைமையானது கொல்லாஜன். அது ஏன் அப்படி என்பதற்கு அதன் அமைப்பே விடை. அவ்வமைப்பு புலப்பட்ட இடமோ சென்னை. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் கொல்லாஜன் என்பது மூன்று இழைகள் கூடிய அமைப்பு என்று வெளியிட்டார்கள். மறு ஆண்டு, அம்மூன்றும் கயிறுபோல ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதையும் காட்டினார்கள். சோதனைக்கு வேண்டிய கொல்லாஜன் அருகிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. தோலைப் பதனிடுவோர் கையாளும் சரக்கும் இதுதானே! இராமச்சந்திரன் பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் பயின்றவர். இராமனோ, 1907இல் அரசாங்க நிதித்துறை உத்தியோகத்துக்காக இந்நகருக்குக் குடிவந்து, ஓய்ந்த வேளைகளில் பௌபஜார் தெருவிலிருந்த ஆராய்ச்சிச் சங்கத்தில் ஒளியைப் பற்றி ஆராயத் தொடங்கியவர். ஈரல் அறிக்கையோடு வந்த அம்மையாரிடம் இதையெல்லாம் சொன்னது மிகைதான். ஆனால் அவர் ஆவலோடு கேட்டார்.

இப்போது ஈரலுக்கு வருவோம். சாயம் ஏற்றாத சீவல் ஒன்றை எடுத்து, ஏறக்குறைய 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குப் புலனாகாத லேஸர் ஒளியை மிகச் சிறு துடிப்புகளாக அதன்மேல் புள்ளி புள்ளியாக ஓட்டுகிறார்கள். கொல்லாஜன் இருக்கும் இடத்திலிருந்து மட்டும் 400 நானோமீட்டர் அளவில் ஊதா ஒளி எழும். ஈரலின் உயிரணுக்கள் வேறொரு நிறத்தில் தாமே மெல்ல ஒளிரும். இரண்டையும் தனித்தனியே வாங்கிச் சேர்த்தால், இருண்ட வானில் மின்னல் கொடிகள் படர்ந்தாற்போல நார்ப்பட்டைகள் தெரியும். பிறகு கணிப்பொறி அளக்கத் தொடங்கும்: நார் பிடித்திருக்கும் பரப்பு எவ்வளவு, இழைகள் எத்தனை, நீளம் என்ன, தடிப்பு என்ன, எத்தனை இடங்களில் ஒன்றோடொன்று கூடுகின்றன என்று. சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள் 2014இல் இவ்வளவுகளைத் தொகுத்துத் தழும்பின் கடுமையை இடைவிடாத ஓர் அளவுகோலில் வைக்கும் முறையை வெளியிட்டார்கள். மூன்று, நான்கு என்று தாவாமல், மூன்றுக்கும் நான்குக்கும் இடையே எங்கே என்று அதனால் சொல்ல முடிகிறது. அதே சீவலை நாளை மறுபடி வைத்தாலும் ஏறக்குறைய அதே விடைதான் வரும்.

இதனால் ஆகும் பயன் யாது? சிர்ரோசிஸ் வந்தால் வந்ததுதான், திரும்பாது என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஹெபடைடிஸ் பி நோயாளிகள் 348 பேருக்கு டெனோஃபோவிர் என்னும் மருந்தை ஐந்தாண்டு கொடுத்து, முன்னும் பின்னும் துணுக்கு எடுத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2013இல் வெளிவந்தது. அவர்களுள் 96 பேருக்குத் தொடக்கத்தில் சிர்ரோசிஸ் இருந்தது. ஐந்தாண்டு முடிவில் 71 பேருக்கு இல்லை. தழும்பு கரையக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ? ஆனால் கரைவது ஒரே நாளில் நடப்பதன்று. முதலில் தடித்த பட்டை மெலியும். மெலிந்தது இடையிடையே அறும். அறுந்த இடத்தில் ஈரலின் உயிரணுக்கள் நுழையும். இவையெல்லாம் நடக்கும் வரையில் எண் நாலாகவே நிற்கும். இதை உணர்ந்த பெய்ஜிங் நகர ஆராய்ச்சியாளர்கள் 2017இல் படியோடு திசையையும் குறிக்கும் முறையொன்றைக் கூறினார்கள்: தழும்பு முன்னேறுகிறதா, பின்வாங்குகிறதா, இரண்டும் நிச்சயமில்லையா என்று. அவர்கள் அதைச் சாயத்தையும் கண்ணையும் கொண்டே செய்தார்கள். பட்டையின் தடிப்பையும் முறிவையும் எண்ணிக் கூறவல்ல ஒளிமுறைக்கு இந்த வேலை கைவந்தது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அன்பரின் இரண்டாவது அறிக்கையை மறுபடி முதலிலிருந்து படித்தேன். அடிவரியில் ‘நான்காம் படி’ என்றிருந்தது மெய்தான். அதற்கு மேலே நான்கு வரி தள்ளி, “பட்டைகள் மெல்லியன, பல இடங்களில் முழுமையுறாதன” என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. முதல் அறிக்கையில் அதே இடத்தில் “தடித்த பட்டைகள்” என்றிருந்தது. அம்மையார் இரண்டு தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரும்பாலோரைப் போல் அவரும் அடிவரியை மட்டுமே படித்திருந்தார்.

ஆயினும் ஒளியின் புகழை அளவுக்கு மிஞ்சிப் பாடலாகாது. கண்ணின் தடுமாற்றத்தை அது தீர்க்கும். ஊசியின் தடுமாற்றத்தைத் தீர்க்காது. ஈரலின் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. ஊசி கொண்டுவரும் துணுக்கு அதில் ஏறக்குறைய 50,000இல் ஒரு பங்கு. தழும்பு எங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. துணுக்கு மிகக் குறுகியதாக இருந்தால், அதன்மேல் எவ்வளவு நுட்பமான ஒளியை வீசினாலும் அந்தத் துணுக்கின் கதைதான் தெரியும். ஊசியை விட்டுவிட்டு வயிற்றின்மேலேயே ஒளியைச் செலுத்தலாகாதா என்று அன்பர் கேட்டார். ஆகாது. சதையினுள் இவ்வகை ஒளி ஒரு மில்லிமீட்டர் கூடச் சரியாகச் செல்வதற்குள் சிதறிவிடும். ஈரலோ தோலும் கொழுப்பும் விலாவும் கடந்து உள்ளே இருக்கிறது. வயிற்றின்மேல் விளக்கைக் காட்டித் தழும்பை அளந்து தருவதாக எவரேனும் விளம்பரம் செய்தால், அன்பர்கள் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு ஒளிமுறை பெரும்பாலும் ஆராய்ச்சிக்கூடங்களிலும் புதிய மருந்துகளைச் சோதிக்கும் இடங்களிலுமே வழங்குகிறது.

விலாவின்மேல் ஒரு கருவியை வைத்து மெல்லத் தட்டிப் பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் வேறு. அது ஒளியால் அன்று, அதிர்வாலும் செவிக்கு எட்டாத ஒலியாலும் ஈரலின் விறைப்பை அளப்பது, ஊசியின்றிச் செய்வது, பலருக்கு அதுவே போதும். அதற்குப் போகுமுன் மூன்று மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும். உண்டவுடன் ஈரலுக்கு இரத்தம் மிகுந்து அளவு ஏறிக் காட்டும். ஈரலின் அழற்சி தணிந்தாலும் அந்த அளவு இறங்கும். ஆகவே இறங்கியது தழும்பா அழற்சியா என்ற ஐயம் எழக்கூடும். அன்பருக்கு இரண்டாவது முறை ஊசி போட நேர்ந்தது அந்த ஐயத்தால்தான்.

அன்பரின் தமக்கையார் கும்பகோணத்திலிருந்து மாதந்தோறும் கீழாநெல்லிப் பொடி அனுப்புகிறாராம். 1988இல் சென்னையில் அம்மூலிகையை ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக ஓர் ஆராய்ச்சி வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்டது. பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. பாசத்தோடு அனுப்பும் பொடியைப் பற்றி டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். அம்மையாரும் பிள்ளைகளும் இரத்தம் சோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொண்டது முன்பே முடிந்திருந்தது. ஒரே பந்தியில் உண்பதால் இந்நோய் பரவாது; இதைச் சொல்லியும் அவர்கள் வீட்டில் உண்ணத் தயங்கிய உறவினர் உண்டாம்.

சென்ற வாரம் மறுபடியும் அவர்களைக் கண்டேன். டாக்டரைப் பார்த்து வந்திருந்தார்கள். மாத்திரையைத் தாமே நிறுத்தினால் அடங்கியிருக்கும் வைரஸ் மீண்டும் சீறி எழக்கூடும், இந்த நிலையில் ஈரல் அதைத் தாங்காது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். பட்டைகள் மெலிந்திருப்பது நல்ல அறிகுறி என்று ஒப்புக்கொண்டாராம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்வதை மட்டும், தழும்பு கரைந்தாலும் விடக்கூடாதென்றாராம். அன்பர் அதன்பிறகு நிறுத்துகிற பேச்சை எடுக்கவில்லை.

அம்மையார் வேறொரு காரியமும் செய்திருந்தார். துணுக்கைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிகளிலிருந்து எத்தனை ஆண்டு கழித்தும் புதிய சீவல் எடுக்கலாம், சாயமின்றி ஒளியால் பார்க்கும் முறைக்கு அவை நன்றாகவே பயன்படும் என்று நான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பரிசோதனைக் கூடங்களுக்கும் எழுதிக் கொடுத்து, ஐந்தாண்டு இடைவெளியுள்ள இரண்டு கட்டிகளையும் கேட்டு வாங்கிவிட்டார். ஒரு சிறிய தகர டப்பாவில், தேதி எழுதிய சீட்டு ஒட்டி, அலமாரியில் கொலு பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம். வைசாக வெயிலில் மெழுகு உருகிவிடாதா என்று கவலையோடு கேட்டார். அது உருக 50 பாகை செல்சியஸுக்கு மேல் வேண்டும், கொல்கத்தா அவ்வளவு தூரம் போகாது என்றேன்.